அரிசி மூட்டைச் சவாரி

தாராவியில் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கப் போய்த் தொடை வலியோடு வீடு திரும்பியவர்களைக் கணக்கெடுத்தால், ஆஸ்பத்திரியில் தனி வார்டே திறக்க வேண்டியிருக்கும். அத்தனை பேர் தொடைக்கும் ஒரே ஆள்தான் காரணம்: குதிரை அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

எங்கள் தெரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மாத்தேரான் மலைக்குப் போகிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் அங்கே சுற்றுலா போனோம். நான் ஒதுங்கி நிற்க, மற்றவர்கள் ஆளாளுக்குக் குதிரையில் ஏற, அண்ணாச்சியும் ஏறினார். குதிரை நாலு எட்டு நடந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு “யய்யா முருகா!” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், மலை முழுக்க எதிரொலித்தது. குதிரைக்காரன் “டரோ மத் சேட், டரோ மத்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். பயப்படாதே, பயப்படாதே என்று அவன் சொல்லச் சொல்ல இவருக்கு நடுக்கம் கூடியது. தெருவே சிரித்தது.

இறங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். ஊர் வந்து சேரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார்.

“பயப்படாதன்னு சொல்லுதான் தம்பி! காய்ச்சக்காரன் கிட்டப் போயி, ஏல காயாதலன்னா காய்ச்சல் விட்டிருமா? சொல்லிக் குடுக்கத் தெரியாதவன் பேச்சுல்லா இது! பாத்துக்கிட்டே இரு. நான் குதிரை வாத்தியாராயிக் காட்டுதேன்.”

குதிரை ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூடப் போனால் போகிறதென்று விட்டிருப்பேன். எடுத்த எடுப்பில் வாத்தியாராம்! அண்ணாச்சி மனைவியை நாங்கள் மதினி என்போம். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“கோயில் யானை ஆசீர்வாதம் பண்ணத் தும்பிக்கையத் தூக்குனாலே என் முந்தானைக்குப் பின்னால வந்து நிக்க மனுசன். இவரு போயி குதிரை வாத்தியாரு! கேக்கவன் சிரிக்க மாட்டான்?”

கேட்டவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அண்ணாச்சி அசையவில்லை. கர்ஜத் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில், சவாரி சொல்லிக்கொடுக்கப் பயிற்சி தந்து சான்றிதழும் தருகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடித்தால் இருட்டும்போது வருவார். தோல் தைக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கும்போது கடையில் எதற்கு வாங்க வேண்டும் என்று முழங்கால் உயரத்துக்கு பூட்ஸ் தைத்துக்கொண்டார். அளவு கொஞ்சம் பிடித்துவிட்டது. மாட்டினால் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத நாட்களில் மேலே லுங்கி, கீழே பூட்ஸ் என்று அப்படியே நின்று வெங்காயம் நிறுத்துப் போடுவார். புதிதாகத் தெருவுக்குக் குடிவந்தவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

கீழே விழாத வாரம் கிடையாது. ஆனால் விழுந்தேன் என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார். “சுல்தான் அவுக இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே எறக்கி விட்டுட்டாக” என்பார். சுல்தான் என்பது குதிரை. வருசக்கணக்காக வாடிக்கைக்கு வருகிற என்னை “ஏல” என்பார். குதிரைக்கு “அவுக”! இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சனி பிடித்தது. சான்றிதழ் வேண்டுமானால் சொல்லிக்கொடுத்துப் பழக வேண்டும் என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். பழகுவதற்கு மாணவர்கள் வேண்டுமே! கடைக்குள் அரிசி மூட்டைகளைக் குதிரை உயரத்துக்கு அடுக்கினார். சணல் கயிற்றில் கடிவாளம் கட்டினார். கால் வைக்க இரண்டு பக்கமும் வளையம் தொங்கவிட்டார். சாமான் வாங்க வருகிறவன் முதலில் மூட்டை மேல் ஏற வேண்டும்.

“அண்ணாச்சி, கடுகு குடுங்க. வீட்டுல அடுப்புல எண்ணெய் காயுது.”

“காயட்டும். ஏறு.”

“அண்ணாச்சி...”

“குதிகால எறக்கு! முதுகு நேரா! எங்க பாக்க? புளி டப்பாவையா பாக்க? கண்ணு தூரத்துல இருக்கணும்ல!”

அந்தக் கடையில் தூரம் என்று ஒன்று கிடையாது. எதிரே சுவர்தான். நான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, தெருப் பையன்கள் வாசலில் நின்று “அங்கிள், குர்லா தக் சோடோகே க்யா?” என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். குர்லா வரைக்கும் இறக்கிவிட வேண்டுமாம்! ஒரு தடவை ரோந்து வந்த ஹவல்தாரையே ஏற்றிவிட்டார். அவர் கனத்துக்கு இட்லி அரிசி மூட்டை தையல் விட்டுக் கடை முழுக்கக் கொட்டியது. மதினி அள்ளிக்கொண்டே ஹவல்தாரையும் அண்ணாச்சியையும் சேர்த்து வைத்துத் திட்டினார்.

வீட்டில் என் மனைவியோ, “கடுகு வாங்கப் போன மனுசன் எங்க போனீய?” என்று கேட்பாள். குதிரையேறப் போனேன் என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

முதல் பரீட்சையில் அண்ணாச்சி தோற்றார். காரணம் கருப்பட்டி. சுல்தானைக் கைக்குள் போட்டுக்கொள்ள வாராவாரம் உடன்குடிக் கருப்பட்டி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பரீட்சையன்று ஒரு துண்டு அவர் கால்சட்டைப் பையிலேயே கிடந்திருக்கிறது. நேராகப் போ என்றால் சுல்தான் பையை முகர்ந்துகொண்டு வட்டம் போட்டதாம். தேர்வாளர் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

மறு பரீட்சைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் பழைய வீறாப்பு இல்லை. “தம்பி, இந்தத் தடவையும் போச்சுன்னா பூட்ஸத் தூக்கிப் போட்டிருதேன்னு ஒங்க மதினிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். நீ கூட வரணும். பூட்ஸ் கழட்ட ஆள் வேணும்லா?”

போனேன். எனக்கு இருக்கிற ஒரே விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அதையும் ஒருத்தர் காலைப் பிடித்து இழுக்கத் தாரை வார்த்தேன்.

சவாரிப் பகுதியில் அண்ணாச்சி ஒப்பேற்றிவிட்டார். பையில் கருப்பட்டி இல்லையா என்று நானே இரண்டு தடவை தடவிப் பார்த்து அனுப்பியிருந்தேன். அடுத்தது பாடம் நடத்திக் காட்டுவது. குதிரையே ஏறாத ஒருவருக்குத் தேர்வாளர் முன்னால் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கென்று வர வேண்டியவர், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவைக்கிற மெகா பிளாக்கில் மாட்டிக்கொண்டு எங்கேயோ நடு ஸ்டேஷனில் நிற்கிறார் என்று போன் வந்தது. தேர்வாளர் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். தொப்பி போட்ட, ஒல்லியான, அதிகம் பேசாத அம்மா. விரல் என் பக்கம் நீண்டது.

“மேடம், மை தோ சிர்ஃப் ஜூத்தா நிகால்னே ஆயா ஹூ!” என்றேன். பூட்ஸ் கழற்ற வந்தவன் நான் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

அரிசி மூட்டை மூச்சுவிடாது. சுல்தான் விட்டது. அதன் விலா எலும்பு என் தொடைகளுக்கு நடுவே விரிந்து சுருங்கியதும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே நின்ற குதிரைக்காரர் “டரோ மத்” என்றார். தேர்வாளர் அம்மாவும் “டரோ மத்” என்றார்.

வந்ததே கோபம் அண்ணாச்சிக்கு!

“மேடம், ஐசா மத் போலோ!” என்று போட்டார் ஒரு சத்தம். அப்படிச் சொல்லாதே என்று, சான்றிதழ் கொடுக்க வேண்டிய அம்மாவைப் பார்த்து! அதற்கு மேல் இந்தி கைகொடுக்காமல் தமிழுக்கு வந்துவிட்டார். “பயப்படாத, பயப்படாதன்னா, அவன் அந்தப் பயத்தக் கொண்டு போயி எங்க வைப்பான்?”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அண்ணாச்சி என் முழங்காலில் கை வைத்தார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. அப்படி ஒரு குரல் அவரிடம் உண்டு என்றே எனக்கு அதுவரை தெரியாது.

“தம்பி, பயமா இருக்கா?”

“அதெல்லாம் இல்ல அண்ணாச்சி.”

“பொய் சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு. இந்தா இந்தக் கை ஆடுது பாரு. சுல்தான் அவுகளுக்கும் பயம்தான், மேல என்னடா ஒரு மூட்டை கெடந்து நடுங்குதேன்னு. மூணு பேரும் பயந்துக்கிட்டே அந்தா அந்த மரம் வரைக்கும் போயிட்டு வந்திருவோமா?”

“ம்” என்றேன்.

போனோம். பாதி வழியில் என் குதிகால் இறங்கியிருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. கண் தூரத்தில் இருந்தது. அங்கே நிஜமாகவே தூரம் இருந்தது, மலையெல்லாம் தெரிந்தது. திரும்பி வந்ததும் தேர்வாளர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, இதற்கு முன் எந்தக் குதிரையில் உட்கார்ந்து பழகினீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

“சாவல் கி போரி” என்றேன்.

அரிசி மூட்டை என்று ஒரு குதிரை இருப்பதாக நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணாச்சிக்குச் சான்றிதழ் கிடைத்தது. தேர்வாளரிடம் கத்தக் கூடாது என்று ஒரு கண்டிப்பும் கூடவே கிடைத்தது. வெளியே வந்து பூட்ஸைப் பிடித்து நான் இழுக்க இழுக்க அவர் அழுதுகொண்டிருந்தார். பூட்ஸ் கடிக்கிறது என்றார். கடிக்கிற பூட்ஸுக்கு யாராவது அப்படி அழுவார்களா?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாடம் எடுக்கிறார். பயந்தாங்கொள்ளிகளையெல்லாம் அவரிடம்தான் அனுப்புகிறார்களாம். அதனால் எங்கள் தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. மூட்டை இன்னும் கடையில்தான் இருக்கிறது.

போன மாதம் செம்பூர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் பெண் சிரித்த முகமாக “டரோ மத் அங்கிள்” என்றது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “வெளியே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கூப்பிடு” என்றேன். காலையில் இருந்து கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு அங்கேயே இருந்தவர், வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயமா இருக்கா தம்பி?”

“ஆமா அண்ணாச்சி.”

“எனக்கும்தாம்ல” என்றார்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது, போர்வைக்குள் என் குதிகால் இரண்டும் தாமாகவே இறங்கியிருந்தன.