மூன்று வருடத்துக்குச் செல்லும் கடிதம்

ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையே உருவாக்கியவன் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நான் உருவாக்கியது அதன் திரையில் தெரிந்த மயில் படத்தை மட்டும்தான். (அந்த மயிலும் தானாக வந்து மதிலில் நின்றது. நான் போனில் பிடித்தேன், அவ்வளவுதான்.)

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. விராலிமலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார் வேலை. இணையத்திலிருந்து லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை இறக்கினேன். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று யார் யாரோ சேர்ந்து எழுதி வைத்தது. கூடவே நிபந்தனைகளோடு ஒரு லைசென்ஸும் வந்தது. நீளமாக இருந்ததால், ஊரில் எல்லாரும் செய்வதுபோல் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்தினேன். தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்து, 'மயில்' என்று பெயர் வைத்தேன். எழுதியவர்களின் பெயர் இருந்த இடங்களிலெல்லாம் என் பெயர் வருமாறு ஒரே கட்டளையில் மாற்றினேன். டிவிடி உறையில் 'ஆக்கம்: சேவியர். நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்' என்று அச்சடித்தேன்.

ஆவூர்ப் பக்கம் எங்கள் பங்குக்கோயில் மண்டபத்தில் வெளியீட்டு விழா. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் முப்பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பாதர் முதல் டிவிடியை வாங்கிக்கொண்டார். அம்மா பட்டுச்சேலையில் முன்வரிசை. "இது என் ஆறு மாத உழைப்பு" என்று பேசினேன். (நாலு நாள்.)

மூன்றாவது வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். குளத்தூரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஸ்டெல்லா. நான் பேசி முடிப்பதற்குள் டிவிடியைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டார்.

"சார், இந்தக் கால்குலேட்டர் நீங்க எழுதுனதா?"

"ஆமா டீச்சர்."

"எழுதுன வருசமும் இதுலயே இருக்கு. அந்த வருசம் ஒங்களுக்கு என்ன வயசு?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். பெயர்களை மாற்றிய நான் வருடத்தை மாற்றவில்லை. மனசுக்குள் கழித்தேன்.

"மூணு" என்றேன்.

மண்டபமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பவே ரொம்பச் சுட்டி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

டீ குடிக்கும்போது ஸ்டெல்லா என்னிடம் வந்தார். "பேர் வச்சது தப்பில்ல சார். வித்தாக்கூடத் தப்பில்ல. ஆனா எழுதுனவங்க பேரை அழிக்கக்கூடாது. நகல் எடுக்காதேன்னு தடுக்கக்கூடாது. நீங்க திருத்துனதுக்கு சோர்ஸ் கோடும், அதான் புரோகிராம் எழுதுன மூலமும், குடுக்கணும். கையில இல்லேன்னா, மூணு வருசத்துக்கு யார் கேட்டாலும் தர்றேன்னு எழுதியாவது குடுக்கணும். லைசென்ஸைப் படிக்கலையா?"

நான் திருத்திய கோப்புகளை, இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்திருந்தேன். ஆகவே மறுநாளே உட்கார்ந்து, டிவிடி வாங்கிய அத்தனை பேருக்கும் கைப்பட எழுதித் தபாலில் சேர்த்தேன். கை வலியில் கடிதம் சுருங்கிக்கொண்டே போனது. ஸ்டெல்லாவுக்கு எழுதியது கடைசிக் கடிதம்:

'அன்புள்ள ஸ்டெல்லா, நான் செய்தது தவறு. இன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு, நீங்கள் எப்போது கேட்டாலும், என்னிடம் உள்ளதை எல்லாம் மறைக்காமல் தருவேன். வேறு யார் கேட்டாலும் தருவேன். இப்படிக்கு, சேவியர்.'

ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் கடிதம் வீட்டுக்குப் போயிருக்கிறது. பிரித்தவர் அவருடைய அப்பா சூசைராஜ். நிலக்கடலை போடும் விவசாயி, ஆறடி உயரம். மறுநாள் காலை, பதினைந்து பிள்ளைகள் டைப் அடித்துக்கொண்டிருந்த வகுப்புக்குள் வந்து நின்றார்.

"சேவியர்ங்கிறது யாரு? இங்கிட்டு வாங்க தம்பி." கடிதத்தை நீட்டினார். "செய்தது தவறுன்னு போட்டிருக்கீங்களே, என்ன செஞ்சீங்க?"

"எம் பேரைப் போட்டுட்டேங்க."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அது என்ன மூணு வருசம்? அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்குப் பொறுப்பில்லைங்க. லைசென்ஸ்ல அப்படித்தான் இருக்கு."

"லைசென்ஸ் வரைக்கும் போயிருச்சா! அதுல வேற, மத்த யாரு கேட்டாலும் தருவீங்களோ?"

"தரணுங்க. இதே மாதிரி நாப்பது பேருக்கு எழுதியிருக்கேன்."

டைப் அடிக்கும் சத்தம் சுத்தமாக நின்றது. அவர் கை மெல்ல மேலே எழுவதைப் பார்த்தேன்.

"பாதருக்கும் ஒண்ணு போயிருக்குங்க!" என்று கத்தினேன்.

கை அந்தரத்தில் நின்றது. போனை எடுத்துப் பாதரிடம் பேசினார். பாதர் சிரித்த சிரிப்பு கடைசி வரிசை வரை கேட்டது. சூசைராஜ் போனை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடுதாசி எழுதத் தெரியல. நீங்கல்லாம் என்னத்தப் பாடம் நடத்துறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்டெல்லாவே வந்தார். "அப்பா வந்தாராமே" என்றார். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். "சரி, சோர்ஸ் ரெடியா?"

மறுபடி இறக்கி முதலிலிருந்து செய்தோம். மூலத்தில் இருந்த பெயர்களை அவர் வாசிக்க வாசிக்க, நான் சரிபார்த்தேன். வாய்க்குள் நுழையாத பெயர்கள். ஒரு கட்டத்தில் அவர் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இவங்கள்ல ஒருத்தருக்கும் நம்மளத் தெரியாது. தெரியாத ஆளுக்காக ஒக்காந்து செஞ்சிருக்காங்க பாருங்க." அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. புது உறையில் 'தாராளமாக நகல் எடுத்துக் கொடுங்கள்' என்று போட்டோம். வேலை மூன்று சனிக்கிழமையில் முடிந்தது. சனிக்கிழமைகள் மட்டும் முடியவில்லை.

எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லும்போது சூசைராஜ் மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் கடிதத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விளையாட்டு என்று நினைத்தேன். தேதி தவறாமல் வந்து நிற்கிறார். எழுதி வாங்கிய கடிதங்களை நிலப் பட்டாவோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு எடுத்து வாசித்தும் காட்டுகிறார்.

போன மாதம் நாலாவது கடிதம். விவரம் தெரிந்துவிட்டதால் 'மறைக்காமல்' என்ற சொல்லை மெதுவாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டெல்லா வாங்கி முழுக்கப் படித்தாள். (அவள் எதையும் முழுக்கப் படிப்பவள்.) என் பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அவளே எழுதிச் சேர்த்து, அடிக்கோடும் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள்.