கழுத்தில் பெல்ட், கிண்ணத்தில் நல்லெண்ணெய்

உலகத்தில் பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள் உண்டு, பேய்க்குப் பயந்தவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய்க்குப் பயந்து நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துப் பெல்ட்டண்ணன்தான்.

எண்பதுகளின் பின்பாதி. மலேசியாவில் அசாம் ஜாவாவைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தோட்டத்துச் சேற்றில் ஜீப் இறங்காது, மோட்டார் சைக்கிள் பாதிச் சக்கரம் புதைந்துவிடும். அதற்காகத் தலைமை ஆபீஸ் ஒரு நாலு சக்கர வண்டியை அனுப்பி வைத்தது. மோட்டார் சைக்கிள் மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார வேண்டும். சக்கரம் ஒவ்வொன்றும் பூசணிக்காய்போல உப்பியிருக்கும். நாங்கள் வைத்த பெயர் சேத்துக்குதிரை.

குதிரையின் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், மூடிய ஒரு பெட்டிக்குள், இரண்டு புல்லிகளை இணைத்து ஒரு ரப்பர் பெல்ட் ஓடும். தண்ணீர் பட்டாலும் வழுக்கும், எண்ணெய் பட்டாலும் வழுக்கும். வழுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. இது தெரிந்த நாளிலிருந்து மனிதர் மாறிப்போனார். வண்டிக்குப் பக்கத்தில் யார் போனாலும், "கையக் காட்டு" என்று பிடித்து முகர்ந்து பார்ப்பார்.

"காலையில என்னா சாப்ட்ட?"

"ரொட்டி சானாய்ண்ணே."

"எண்ணெ! போயி சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வா."

தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் அவர் மனைவி லெட்சுமியக்காகூட பத்தடி தள்ளியே தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போக வேண்டும். "இந்த மனுசன் தாலி கட்டுனது எனக்கா, அந்த ரப்பருக்கான்னு தெரியலப்பா" என்று அக்கா என்னிடம் முறையிடுவார்.

அக்கா கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாற்றுப் பெல்ட் ஒன்று கைவசம் இருந்தது. மடித்து வைத்தால் உள்ளே நரம்பு விட்டுப்போகும், ஸ்டோரில் வைத்தால் எலி கடிக்கும், ஆணியில் மாட்டினால் கோணிவிடும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தன் கழுத்திலேயே மாலையாகப் போட்டுக்கொண்டார். கழுத்துக்கும் ஆணிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "ஆணி கூரு. கழுத்து உருண்ட" என்றார். கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்கும் அப்படியேதான் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் உலு யாம் ஊர்க்காரர்கள், இவரைத் தெரியாது. ஏதோ பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று அவரைக் கும்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

வண்டியை ஓட்டியவர், வேலையாட்களை மேய்க்கும் கோவிந்தன் மண்டோர். சேற்றில் சின்ன கியரில் மெதுவாகப் போக வேண்டும், கால்வாயில் இறங்கி ஏறினால் நிறுத்திப் பெட்டியிலிருந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்று பெல்ட்டண்ணன் தலைபாடாய் அடித்துக்கொள்வார். மண்டோர் கேட்டால்தானே? முறுக்கு முறுக்கென்று முறுக்குவார். ரப்பர் கருகும். அரை மைல் தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெல்ட்டண்ணன் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். "எவன்டா அது, உசுரோட கொளுத்துறது!"

மண்டோர் புண்ணியத்தில் வண்டி மூன்று முறை சேற்றில் படுத்தது. எங்கள் மானேஜர் மலாய்க்காரர், தோட்டத்திலேயே வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். "இன்னொரு தடவ நின்னுச்சு, வண்டி திரும்பிப் போயிரும். நீ புல்லு வெட்டப் போயிருவ" என்று பெல்ட்டண்ணனிடம் சொல்லிவிட்டார். ஆயுத பூசைக்கு மறுநாள் தலைமை ஆபீஸ் பெரியவரே வந்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. அந்த வாரம் முழுக்கப் பெல்ட்டண்ணன் சிரிக்கவில்லை. பெல்ட்டையும் புல்லியையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மூடினார். மூடிய பெட்டியைக் காரணமில்லாமல் திறக்கக் கூடாது, தூசு போகும் என்பது அவர் சட்டம்.

பூசை அன்று லோரியிலிருந்து சுத்தியல் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். "வண்டிக்கு வெளிய என்னா வேணா பூசிக்குங்க. பெட்டிய தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்று எச்சரித்துவிட்டு அவர் குளிக்கப் போனார்.

மண்டோர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கிராணி, லோரிக்கு எஞ்சின தொறந்து பொட்டு வச்சோம். இதுக்கு உசுரே அந்தப் பெல்ட்டுலதான்னு அவரே சொல்றாரு. அதுக்குப் பூச இல்லன்னா எப்பிடி லா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அண்ணனின் பிழைப்பே நாளைக்கு அதில்தான் இருக்கிறது, சாமி குற்றம் வேறு எதற்கு? மண்டோர் மூடியைக் கழற்றினார். நான் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டுப் பெல்ட் முழுக்கப் பக்தியோடு தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். மூடியை மாட்டினோம். நல்லது செய்த திருப்தியில் இருவரும் இரண்டு கை சுண்டல் கூடுதலாகவே சாப்பிட்டோம்.

மறுநாள் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெரியவர் ஏறி உட்கார்ந்தார். செம்மண் ரோட்டில் வண்டி ஜோராகப் போனது. சேற்றில் இறங்கிப் பாரம் ஏறியதுதான் தாமதம், எஞ்சின் கத்தியது, வண்டி அசையவில்லை. பெரியவரின் வெள்ளைக் காலுறை வரை சேறு வந்துவிட்டது.

பெல்ட்டண்ணன் ஓடிப்போய் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். பெல்ட்டில் லேசாக இழுபட்டிருந்த குங்குமப் பொட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மண்டோர் மேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்னா ஆச்சு?" என்றார் மானேஜர்.

"பழைய பெல்ட்டு துவான். தேஞ்சு போச்சு. நேத்தே மாத்தியிருக்கணும். என் தப்புதான்."

சொல்லிவிட்டுச் சேற்றில் மண்டியிட்டார். புல்லியை விரித்து வழுக்கல் பெல்ட்டை உருவினார். புல்லியை விரித்து வழுக்கல் பெல்ட்டை உருவினார். கழுத்து மாலையைக் கழற்றினார். அதில் போட்டிருந்த அம்புக்குறி சுழலும் பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்து மாட்டினார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. பெரியவர் அந்தச் சேறு முழுக்க ஓட்டிவிட்டு, தலைமுதல் கால்வரை மண்ணோடு சின்னப் பிள்ளையாய்ச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். இந்த ஆள் இருக்கும்வரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் தப்பென்று வாயால் ஒப்புக்கொண்ட பிறகு மானேஜர் விடுவாரா? எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். அதை அடித்தவன் நான்தான். அவ்வளவு மெதுவாக நான் எந்தக் கடிதத்தையும் அடித்ததில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணே, எண்ணெ தடவுனது நான்தாண்ணே."

"தெரியும் லா. மண்டோருக்கு அவ்ளோ அழகா பொட்டு வைக்க வராது."

"அப்பறம் ஏண்ணே பழிய நீங்க..."

"எனக்கு இது நாலாவது லெட்டரு. பத்தோட பதினொண்ணு. உனக்கு மொத லெட்டரே கடைசி லெட்டரா ஆயிருக்கும். வேல இன்னும் பெர்மனென்ட் ஆவலல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர்போல, "கையக் காட்டு" என்றார். முகர்ந்தார். "ம், சவுக்காரம்" என்றவர், ஸ்பிரிட்டில் கழுவிக் காய வைத்திருந்த பழைய பெல்ட்டை எடுத்து என் கழுத்தில் போட்டார். "புதுசு வர்ற வரைக்கும் இதான் ஸ்பேரு. நீயே வச்சிரு. மடிச்சிராத."

புது பெல்ட் வர மூன்று மாதம் ஆனது. மூன்று மாதமும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், மானேஜர் இரண்டு மொழியில் திட்டினார். பிற்பாடு என் கல்யாணத்தில் விழுந்த மாலைகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. என் மனைவி பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அந்த மூன்று மாதமும் நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.