பன்னிரண்டாவது டேம்பரில் ஒரு எலுமிச்சம்பழம்

என் முதல் பெரிய வேலையைக் கெடுத்தது ஒரு எலுமிச்சம்பழம். பழத்தைக் குறை சொல்வதும் அநியாயம்தான். அது பாட்டுக்குக் குமணன்சாவடி மார்க்கெட்டில் சும்மா கிடந்தது. பொறுக்கிப் பொறுக்கி வாங்கிக்கொண்டு போனவள் நான்.

அப்போது திருமழிசை தொழிற்பேட்டையில் டேம்பர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து எனக்கு ஐந்து மாதம். ஆறாவது மாதம் ஒழுங்காக முடிந்தால்தான் வேலை நிரந்தரம். டேம்பர் என்றால் என்னவென்று கேட்டு என் சொந்தக்காரர்கள் என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். நீங்களும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஏசி காற்று போகிற தகரக் குழாய்க்குள் இருக்கும் கதவு அது. சாதாரண டேம்பர் காற்றைக் கூட்டும், குறைக்கும். தீ டேம்பர் அப்படியில்லை, வருஷம் முழுக்கத் திறந்தே கிடக்கும். ஒரு மோட்டார் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். தீ அலாரம் அடித்ததும் மோட்டாருக்குக் கரண்ட் நின்றுவிடும், ஸ்பிரிங் இழுத்துக் கதவை 'டப்'பென்று சாத்திவிடும். ஒரு அறையில் பிடித்த தீயும் புகையும் குழாய்க்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போகாது. (இதைச் சொன்னால் என் சித்தி, "கதவைச் சாத்தவா நாலு வருஷம் படிச்ச?" என்பாள்.)

சென்னீர்குப்பத்தில் ஒரு புதுக் கல்யாண மண்டபத்துக்குப் பன்னிரண்டு தீ டேம்பர்கள். மேனேஜர் மொத்தப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டு, துணைக்கு ஃபிட்டர் ஏழுமலை அண்ணனை அனுப்பினார். மண்டபத்துச் சொந்தக்காரர் தணிகாசலம், அதே இடத்தில் நெல் போட்ட குடும்பத்துக்காரர். முதல் முகூர்த்தமே அவர் மகளுடையதுதான், இன்னும் இரண்டே வாரத்தில். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் மண்டபத்தைத் திறக்க முடியும்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் கோவில்பட்டியிலிருந்து அம்மா போன் செய்தாள். "ஒன்னைய நம்பி மொதமொதல்ல ஒரு வேல குடுத்துருக்காங்க. எலுமிச்சம்பழம் இல்லாம ஆரம்பிக்காத."

புது வண்டி என்றால் டயருக்கு அடியில் வைத்து நசுக்கலாம். டேம்பருக்கு ஏது டயர்? மஞ்சள் கயிற்றில் கோர்த்துக் கட்டிவிட முடிவு செய்தேன். ஏணியில் ஏறி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொரு டேம்பருக்கும் ஒரு பழம் கட்டினேன். பதினொன்றுக்குத் தகரக் குழாயைத் தொங்கவிட்ட கம்பி வசதியாக இருந்தது. பன்னிரண்டாவது, சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரில் இருப்பது. அங்கே கம்பி கைக்கு எட்டவில்லை. பக்கத்தில் ஒரு கைப்பிடி அழகாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டினேன். கதவு மூடும்போது சுழல வேண்டிய கைப்பிடியே அதுதான். அதன் படத்தை நானேதான் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தேன்! பக்தி வந்தால் எனக்குப் படிப்பு போய்விடும்.

மறுநாள் அதிகாரி வந்தார். முறுக்கிய மீசை, தடித்த நோட்டு. அலாரம் பொத்தானை அழுத்தினார். டப், டப், டப்... பதினொன்றும் வரிசையாக மூடின. எனக்கு அப்படியே பறப்பது போல இருந்தது. சமையல்கட்டுப் பக்கம் போய், கடைசியாக மூட வேண்டிய பன்னிரண்டாவதை அண்ணாந்து பார்த்தார். அங்கே 'டப்' வரவில்லை. 'பிச்ச்' என்று ஒரு சத்தம் வந்தது. கூடவே மேலிருந்து இரண்டு சொட்டு, நேராக அவர் கண்ணில்.

"என்னம்மா இது, மேல ஒழுகுது?" என்று கண்ணைக் கசக்கியவர் கையை மோந்து பார்த்தார். "எலுமிச்சம்பழமா?"

கதவு பாதி மூடி நின்றது. கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் பழம் பிழிபட்டுத் தொங்கியது.

"ஐயய்யோ, இன்னாமா பண்ணி வச்சிக்கீற!" என்று தணிகாசலம் தலையில் கை வைத்தார். "ஊரையே கூப்ட்டுக்கீறேன்மா! எம் பொண்ணு கல்யாணம்மா!"

ஏழுமலை அண்ணன் என் காதருகே வந்தார். "மேடம், நான் கட்னேன்னு சொல்லிக்கிறேன். என் வேல பர்மனென்ட்டு. உனக்கு இன்னும் ஆவல. நீ கம்முனு இரு."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் கம்முனு இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் எண்ணெய்க் கறைச் சட்டையோடு எனக்காகத் தலை குனிந்து நிற்கத் தயாரானதைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார், நான்தான் கட்டினேன்," என்றேன். "கண்ணு படக்கூடாதுன்னு..."

"யாரு கண்ணு?"

"...உங்க கண்ணு சார்."

(இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.)

சிவந்த கண்ணோடு என்னையே பார்த்தார். பிறகு சுவரைக் காட்டி நிதானமாகச் சொன்னார்: "இந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சா, இந்தப் பாதிக் கதவு வழியா புகை நேரா மணமேடைக்குப் போகும். அன்னைக்கு மேடையில யாரும்மா உக்காந்திருப்பா?"

தணிகாசலத்தின் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு நேரம் என் வேலை போய்விடுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அதற்கப்புறம் வேலை ஞாபகமே வரவில்லை.

"மறைக்காம சொன்னே. அதுக்காக ஒரு மணி நேரம் தரேன்," என்றார் அதிகாரி. "பன்னெண்டையும் முதல்லேர்ந்து காட்டணும்."

நானே ஏறினேன். பன்னிரண்டு பழங்களின் கயிற்றையும் அறுத்தேன், துடைத்தேன், ஒவ்வொரு கைப்பிடியையும் கையால் சுழற்றிப் பார்த்தேன். ஏழுமலை அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டே, "பழம் கீதா மேடம்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். (கீதா என் பெயரில்லை, அவர் பாஷையில் 'இருக்கிறதா'.) மறுபடி பொத்தானை அழுத்தியபோது பன்னிரண்டு 'டப்' கேட்டது. நான் எண்ணினேன். அதிகாரி இரண்டாம் முறை அழுத்தச் சொன்னார், அப்போதும் பன்னிரண்டு. நோட்டில் எழுதினார்.

நசுங்காத பதினொன்றில் தணிகாசலம் எல்லோருக்கும் ஜூஸ் போடச் சொன்னார். அதிகாரி மட்டும் தனக்கு வேண்டாம் என்றார்.

அந்தக் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எனக்கும் வேலை நிரந்தரமானது. மேனேஜர் திட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதோடு எங்கள் கம்பெனியின் பரிசோதனைத் தாளில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'டேம்பரில் பழம், மாலை, கயிறு எதுவும் இல்லை.' இன்றைக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் அந்த வரிக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்துப் போடுகிறவள் நான்தான்.

மூன்று வருஷம் கழித்து என் கல்யாணமும் அதே மண்டபத்தில் நடந்தது. தணிகாசலம் விடவில்லை. கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளைக்குக் கை நடுக்கம், தாலியில் முதல் முடிச்சு விழவே மாட்டேன் என்கிறது. முன்வரிசையிலிருந்து ஏழுமலை அண்ணன் எழுந்து கத்தினார்: "மாப்ளே, நடுவுல பழம் கீதான்னு பாரு!"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார், நடுக்கம் நின்று முடிச்சு விழுந்தது. இப்போது எங்கள் வீட்டில் பீரோ கதவு சிக்கினாலும், குழந்தைக்கு வாய்ப்பாடு சிக்கினாலும் முதலில் கேட்பது அந்தக் கேள்விதான். அன்று மண்டபத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். கூரையில் பழம் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். விடியற்காலையிலேயே முகூர்த்தப் பட்டோடு ஏணியில் ஏறிப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டேன். ஏணியைப் பிடித்தவர் ஏழுமலை அண்ணன்.