மூன்று கரண்டி முடிச்சத்து

"தைராய்டு எகிறிக் கெடக்கு தம்பி. இப்படியிருந்தா மெடிக்கல்ல பாஸாக மாட்டீங்க. சத்து மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

டாக்டர் உமாமகேஸ்வரி கேட்டதும், விசா மெடிக்கலுக்காக வந்திருந்த அம்மார் தலையைக் குனிந்துகொண்டான். சவுதியில் மச்சான் ஸுஹைர் வேலை பார்க்கும் அரபி வீட்டில் அவனுக்கும் டிரைவர் வேலை தயார். விசா வந்தால்தான் நிக்காஹ் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"இல்ல டாக்டர்."

முடி வளர பவுடர் தின்கிறேன் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வானாம்!

"முடி கொட்டுதா?"

"கொத்துக் கொத்தா."

"அதுவும் தைராய்டாலதான் இருக்கும். அடுத்த வாரம் திரும்ப டெஸ்ட் எடுப்போம்."

அந்த பவுடர், மச்சான் அனுப்பிய பெட்டியில் சென்ட்டுக்கும் பேரீச்சைக்கும் நடுவே கிடந்தது. டப்பாவின் லேபிள் பாதி கிழிந்திருந்தது. மிச்சத்தில் பளபளவென்று நீளமான பழுப்பு முடி, கீழே அரபி எழுத்து. உம்மா தாஜுன்னிசா அதைத் தங்குதடையில்லாமல் ஓதிக் காட்டினாள். அர்த்தம்தான் கீழக்கரை வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

"மச்சான் ஒனக்குன்னே அனுப்பிருக்காரு வாப்பா" என்றாள் மகனிடம்.

தைராய்டு முடியைக் கொட்ட வைக்கிறதென்றால் சத்தைக் கூட்ட வேண்டியதுதானே? ஒரு கரண்டி மூன்று கரண்டியானது.

அடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அளவுக்கு இருந்தா கை நடுங்கணும், நெஞ்சு படபடக்கணும். நீங்க கல்லு மாதிரி ஒக்காந்திருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க, என்ன சாப்பிடுறீங்க?"

அம்மார் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினான்.

"அப்ப பயோட்டின்ங்கிற வைட்டமின்தான். முடிக்குன்னு விக்கிறதுல அது இருக்கும். ஒங்க உடம்புல கோளாறு இல்ல, அது ரத்தத்துல கலந்து டெஸ்ட்டத் தப்பாக் காட்டுது. நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"மெடிக்கல் ரிப்போர்ட் குடுக்க நாளைக்குக் கடைசி நாள் டாக்டர்!"

"நாளைக்கு எடுத்தாலும் இதேதான் வரும்."

யா அல்லாஹ்! விசா போச்சு, நிக்காஹ் போச்சு. முடியாவது வளர்ந்ததா, அதுவுமில்லை. வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டான்.

"மச்சான், மொதலாளிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்க. நீங்க அனுப்புன முடிச்சத்து என் குடியக் கெடுத்துருச்சு. தெனம் மூணு கரண்டி தின்னேன்!"

"நான் எங்கடா முடிச்சத்து அனுப்புனேன்? காட்டு."

டப்பாவைக் காட்டினான். ஸுஹைர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லேபிளை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, அது மொதலாளி குதிரைக்குப் பிடரி முடியும் கால் கொளம்பும் வளரப் போடுறது, பெட்டில மாறி வந்துருச்சு. அவருட்ட நான் என்னன்னு சொல்லி டைம் கேக்க? குதிரைக்கே ஒரு கரண்டிதான்டா!"