மாட்டுக்காகத் தாழ்த்திய வீடு

"மனையானது கண்மாய்க் கலுங்கிற்குக் கீழ்ப்புறம் தாழ்வான பகுதியில் உள்ளதால், வீட்டின் தரைமட்டம் சாலை மட்டத்திற்கு மேல் நான்கு அடிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்." என் தங்கை வள்ளியின் வீட்டுக்கு ஓர் ஆடி மாதத்தில் கிடைத்த கட்டட அனுமதி உத்தரவின் மூன்றாவது நிபந்தனை இது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருக்கிறது: "நகைப்புக்குரியது." கையெழுத்து என்னுடையது.

அரிமளம் பக்கத்து எங்கள் ஊரில் எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். மழை, திருவிழா, சாவு, பஸ் நேரம் மாறியது, எல்லாமே. (வீட்டில் இதற்கு வேறு பெயர் உண்டு, அச்சில் ஏறாது.) நிறையப் படிக்கவும் செய்வேன். இப்படிப்பட்டவனிடம் வீட்டு வேலையை ஒப்படைக்கக் கூடாது என்று எந்த அரசாணையும் இல்லாதது பெரிய குறை.

வள்ளியின் கணவர் முருகேசன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வீடு எழும்பியதும் 'கேன்சலில்' வருவதாகத் திட்டம். அதாவது, விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக. மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அப்பாவைச் செல்போன் திரையில் பார்த்தே வளர்ந்த பிள்ளை. வீட்டைக் கட்டி முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அஸ்திவாரம் எழும்பும்போது முருகேசனின் அம்மா வந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, இம்புட்டு ஒசரமா? ஏழு படி வருமே! பால் காய்ச்சுற அன்னிக்கு மாடு எப்படி ஏறும்?"

புது வீட்டுக்குள் மனிதர்களுக்கு முன்னால் பசுவும் கன்றும்தான் போக வேண்டும். அன்றைக்கு மட்டும் மண்ணைக் கொட்டிச் சரிவு போட்டால் மாடு சுகமாக ஏறிவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது என் குறிப்பேடுதான். பொன்னமராவதியில் ஒரு வீட்டுப் பசு, மூன்றாம் படியில் நின்றுகொண்டு ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று முகூர்த்தத்தையே கடத்திவிட்டதாக அதில் பதிவு இருந்தது. ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னேன்.

"அண்ணே, ஆர்டர்ல நாலு அடின்னு போட்டுருக்கே?" என்றாள் வள்ளி.

"அது மெட்ராஸைப் பாத்து எழுதுன ரூலு ஆத்தா. நம்ம கண்மாய் நெறஞ்சு, மிச்சத் தண்ணி கலுங்கு தாண்டிப் போனதா என் குறிப்புல ஒரு தடவகூட இல்ல. புதுக்கோட்டையில வெள்ளமாம்! குடிதண்ணிக்கே லாரியத்தான பாத்துக்கிட்டு நிக்கிறோம்?"

(நான் எழுதத் தொடங்குவதற்கு முன் அந்தக் கண்மாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. வரலாறே என்னோடு தொடங்கியதாக எனக்கு நினைப்பு.)

மஸ்கட்டிலிருந்து முருகேசன் கேட்டார்: "மச்சான், ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"நான் இருக்கேன்ல மாப்ள."

இருந்தேன். பக்கத்து வீட்டுப் பசுவின் முழங்காலுக்கு டேப் பிடித்து உயரம் அளந்தேன். அது உதைத்தது. என்னைத் தடுக்க முயன்ற ஒரே ஜீவன் அதுதான். நான்கு அடி ஒன்றரை அடியாயிற்று. ஏழு படி இரண்டாயிற்று.

மறு வருஷம் ஐப்பசியில் முருகேசன் கேன்சலில் வந்து இறங்கினார். பெட்டி, கம்பளி, சென்ட் பாட்டில் எல்லாம் நேராகப் புது வீட்டுக்கே போயின. சில நாளாகவே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. 'நல்ல சகுனம்' என்று குறித்துக்கொண்டேன்.

பால் காய்ச்சும் விழாவன்று காலை, நான் அளந்த அந்தப் பசு வலது காலை எடுத்து வைத்து, இரண்டு படியையும் ராணி மாதிரி ஏறியது. பந்தலில் வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திப் படியின் உயரத்தை விளக்கினேன். பால் பொங்கியது. ஹாலில் பாய் விரித்து முதல் பந்தி உட்கார்ந்தது. ரசம் ஊற்றும்போதுதான் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்து, தண்ணீர் தன் பழைய வழியில் வந்திருந்தது. அந்த வழியில் நாங்கள் வீடு கட்டியிருந்தோம்.

இலைகள் சோற்றோடு மிதந்து நகர்ந்தன. "மாப்ள, என் அப்பளம் அங்கிட்டு வருது, புடிங்க!" என்று ஒருவர் கத்தினார். கொல்லையில் கட்டியிருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மறுபடி வீட்டுக்குள் ஏறி வந்து, ஹாலின் நடுவே நின்றது. "காலைல அம்புட்டுப் பேரு கூப்புட்டோம், இப்பத் தானா வருது பாருங்க," என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் சிரிக்க ஒன்றுமில்லை. தரைக்கு அடியில் நிரப்பிய மண் அரித்து ஹால் உள்வாங்கியிருந்தது, பின்சுவர் பிளந்திருந்தது. உயர்த்திக் கட்ட வழியுண்டா என்று பார்க்க வந்த என்ஜினியர், "செவுரு தாங்காது சார். இடிச்சுட்டுத்தான் கட்டணும்," என்றார். நிபந்தனையை மீறிக் கட்டியதால் நிவாரணமும் இல்லை.

முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலிலிருந்து சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று வாசலில் காத்து நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "மச்சான், சாப்டீங்களா?" என்றார். எத்தனையோ படித்திருக்கிறேன். சேறு தள்ளுவதை அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

மாசியில் புது விசா வந்தது. பழைய வீட்டுப் பரண் மேல் இருந்து பெட்டியை இறக்கும்போது மகள் கேட்டாள், "அப்பா, கேன்சல்னா இனிமே போகவேணாம்னு சொன்னீங்க?"

"வேற வீடு கட்டணும்ல பாப்பா. கட்டிட்டு வாரேன்."

வள்ளி சில மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், முதல் பேச்சே, "மழை பெய்யுதே, எழுதலையாண்ணே?" என்பதுதான். எழுதவில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும், "மாட்டைக் கேட்டாச்சா?" என்று ஒரு குரல் வரும். வீடியோ காலில் முருகேசன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். லைன் சரியில்லாததால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். அதற்குள் இங்கே எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள்.

மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மேட்டுத் தெருவில் புதிதாக ஒரு மனை வாங்கியாகிவிட்டது. வருகிற தையில் முருகேசன் கேன்சலில் வருவதாக வள்ளி சொல்கிறாள். அவளிடம் சொன்னவர் மஸ்கட்டில் அவரோடு அறையில் தங்கியிருக்கும் நண்பர். முருகேசன் வாயால் இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆகவே இதை உறுதி செய்யப்படாத தகவலாகவே பதிகிறேன்.