வைப்பர் அண்ணனின் ஏழு ஜோடி ரப்பர்

தேனி மாவட்டத்தில் இதுவரை பெய்த மழையில் பாதியை வைப்பர் அண்ணன் ஒருவரே துடைத்திருப்பார் என்பது என் அசைக்க முடியாத கருத்து. மீதிப் பாதி அவர் லீவு போட்ட நாட்களில் பெய்தது.

தேனியில் வாடகைக் கார் ஓட்டினார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், ஆனால் கார் ஸ்டாண்டில் ஒருவருக்கும் அது தெரியாது. நான் அல்லிநகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வெள்ளிக்கிழமைதோறும் குமுளியில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து எஸ்டேட் ஆட்களுக்குக் கண் பரிசோதனை செய்வேன். ஒன்பது வருஷம் அண்ணன் வண்டியில்தான் போனேன். இப்போது அவர் மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், நான் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸிலும் வைப்பர் ஆடுகிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் பள்ளத்தாக்கின் கூத்து இது: கீழே கம்பத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், அதே நேரத்தில் மேலே குமுளியில் மழை கொட்டும். கீழே காய்ந்து விறைத்துப்போன வைப்பர் ரப்பர், மேலே முதல் கொண்டை ஊசி வளைவில் 'கிறீச்' என்று கத்திக்கொண்டு கண்ணாடியில் கோடு கிழிக்கும். மற்ற டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஓட்டுவார்கள். அண்ணன் திட்டவில்லை. வைப்பர் பிளேடு இரண்டையும் கழற்றி, ஈரத்துண்டில் சுற்றி, டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிட்டார். மலை ஏறுமுன் லோயர் கேம்ப்பில் வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைப் பிரித்து மாட்டுவார். இறங்கி வரும்போது அதே இடத்தில் கழற்றிச் சுற்றி வைப்பார். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையும் இது தவறியதில்லை.

"கீழ மழை பேஞ்சா என்னண்ணே பண்ணுவீக?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கீழ பேயுறதெல்லாம் மழையா சார்? வாசல் தெளிக்கிற தண்ணிக்கு ரப்பரத் தேய்க்கச் சொல்றீகளா?"

சொன்ன வாய் மூடவில்லை, சின்னமனூரில் மழை பிடித்தது. வைப்பர் மாட்ட மறுத்து, ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி, முக்கால் மணி நேரம் எனக்குத் தன் தங்கை கல்யாணக் கதையைச் சொன்னார். குமுளியில் எனக்காக நாற்பது பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ரப்பர் வாங்குவது கம்பத்தில் ஒரு பாய் கடையில். வண்டிப் பாகங்கள் விற்கிற பாய் நல்ல பொறுமைசாலி. அண்ணன் போய் இறங்கினால் அந்தப் பொறுமைக்கு அன்றைக்குப் பரீட்சை. டிரைவர் பக்கம் இருபத்திரண்டு இஞ்ச், அந்தப் பக்கம் பதினெட்டு. இரும்பு ஃப்ரேம் வைத்ததா, ஃப்ரேம் இல்லாததா? ரப்பர் முனையை நகத்தில் வழித்துப் பார்ப்பார், கன்னத்தில் தேய்ப்பார், முகர்வார், வில்லாக வளைப்பார்.

"அண்ணே, ரப்பர் வாங்க வந்தீகளா, சம்பந்தம் பேச வந்தீகளா?" என்பார் பாய்.

"கூட வாழப் போறது நானுல்ல பாய்?"

புது ஜோடி வாங்கினால் அடுத்த சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் பூஜை. அந்த ஒரு நாள் மட்டும் கீழேயே மாட்டுவார். ஒரு தடவை அவர் எள் விளக்கு போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் இரண்டு காக்கைகள் பானெட்டில் உட்கார்ந்து புது ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தன. கூட வந்திருந்த நான் கல்லை எடுத்தேன்.

"சார், சார், கீழ போடுங்க! சனீஸ்வரன் வாகனத்த அடிச்சுட்டு மல ஏறவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பானெட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். காக்கைகள் நிதானமாக இருபத்திரண்டு இஞ்ச்சையும் முடித்துவிட்டுப் பதினெட்டுக்குப் போயின. "ஏத்துக்கிட்டாரு" என்றார் அண்ணன்.

கடைசி வருஷத்தில்தான் அவர் போக்கு மிஞ்சியது. வண்டியின் முன்கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று ஓயாத புலம்பல். நறுக்கிய உருளைக்கிழங்கைத் தேய்த்தார், புகையிலையைத் தேய்த்தார், ஷாம்பு போட்டுக் கழுவினார். ஒன்றும் சரிப்படாமல், தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுகிற மருந்து ஒன்றை வாங்கிவந்து பூசினார். ஸ்டாண்டே கூடி நிற்க ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. கை தட்டினோம்.

மலையில் ஒரு முத்தும் ஓடவில்லை. கண்ணாடி நிறைய அப்படியே குந்திக்கொண்டு எங்களைப் பார்த்தன. பாட்டிலை வாங்கி நான் படித்தேன். வண்டி அறுபதில் போனால் காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும் என்று போட்டிருந்தது.

"கொண்ட ஊசி வளைவுல அறுபதுல போனா தண்ணி மட்டுமா சார் ஓடும்? நாமளும்ல உருண்டு ஓடிருவோம்!"

அதற்குப் பிறகு பழி ரப்பர் மேல் விழுந்தது. ஒரே வருஷத்தில் ஏழு ஜோடி மாற்றினார். ஏழாவதைக் கொடுக்கும்போது பாய் குரல் தழுதழுத்தது. "எங்க அத்தா காலத்துக் கடைண்ணே இது. என் ரப்பர்ல என்ன குத்தத்தக் கண்டீக?"

"மங்குது பாய். என்ன பண்ணச் சொல்றீக?"

அடுத்த வெள்ளிக்கிழமை உத்தமபாளையம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பளீர் வெயில். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், தூரத்து மலை மடிப்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. அண்ணன் திடீரென்று வைப்பரைப் போட்டார். பிளேடு இல்லாத இரண்டு குச்சிகளும் வெறுமனே இப்படியும் அப்படியும் ஆடின.

"என்னண்ணே?"

"பனி எறங்குது பாத்தீகளா?"

நான் கை நீட்டி வைப்பரை நிறுத்தினேன். "வண்டிய நிறுத்துங்கண்ணே. அங்கன எதுத்தாப்புல போர்டுல என்ன எழுதிருக்கு?"

"இதென்ன கேள்வி? டீக்கடை."

அது டீக்கடை மாறி செல்போன் கடையாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. மனிதர் இத்தனை நாளும் ஞாபகத்தில் ஓட்டியிருக்கிறார். ஊர்க் கண்ணையெல்லாம் விளக்கடித்துப் பார்க்கிற நான், ஒரு முழ தூரத்தில் இருந்த கண்ணைப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். முதல் தடவையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அண்ணன், தேனி வரைக்கும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

கடையில் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"போர்டத் தொடச்சு எத்தன நாளாச்சு சார்?" என்றவர், எழுந்து போய்த் தோள் துண்டால் அதை அழுத்தித் துடைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தார். மறுபடி எழுந்து போய்த் துடைத்தார். மூன்றாவது தடவை எழுந்திருக்கவில்லை.

"போர்டு சுத்தமாத்தான் இருக்கு, இல்லையா சார்?"

"ஆமாண்ணே. ரெண்டு கண்ணுலயும் புரை."

நெடுநேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "மலைக்கு இனி போக முடியாதா? வண்டிய விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது சார்." ஆபரேஷன் செய்தால் தெளிந்துவிடும் என்று எல்லோருக்கும் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னேன். அன்றைக்கு எனக்கே அதில் நம்பிக்கை போதவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வகைகளை ஒரு பெண் விளக்கினாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன இஞ்ச் வருதும்மா? ஃப்ரேம் உண்டா? வெயிலுக்கு விறைக்குமா? கழட்டி மாட்டலாமா?" அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணும் முடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, வண்டி கடை வாசலில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இம்புட்டு நரச்சிருச்சா உங்களுக்கு? ஒரு வார்த்த சொல்லலையே!"

கம்பத்தில் பாய் கடை முன்னால் நிறுத்தி உள்ளே போய்க் கை கூப்பினார். "பாய், உங்க ரப்பர் மேல குத்தமில்ல."

"அந்த ஏழு ஜோடியவும் என்னண்ணே பண்ணீக?"

"ஸ்டாண்டுல ஏழு வண்டிக்கு மாட்டி விட்டாச்சு. எனக்கு எட்டாவது ஒண்ணு குடுங்க." பாய் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அதை வளைத்தும் பார்க்கவில்லை, முகர்ந்தும் பார்க்கவில்லை.

லோயர் கேம்ப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு மாட்டினார். இரண்டாவது வளைவில் மழை பிடித்துக்கொண்டது, சாதாரண மழை இல்லை. வைப்பரைப் போட்டார். கண்ணாடி பளிங்காகத் தெளிந்தது. பாறை, பாலம், எதிரே இறங்கி வந்த லாரியின் நம்பர் என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே ஏறினார்.

"சார், தெரியுதா? எல்லாம் தெரியுதா?"

"தெரியுதுண்ணே" என்றேன். பொய். என் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது, ஆனால் அன்றைக்குக் குமுளி போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை.