தாய்மார் சொன்னவை

"நூற்றி நாப்பத்திமூண்டு தலைப்போ?" என்றார் விரிவுரையாளர் பாக்கியரத்தினம். "இது ஆய்வோ, சந்தைச் சாமான் துண்டோ?"

ஆனந்தராசா தலையைச் சொறிந்தார். இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்த, பள்ளிக்கூடமொன்றின் உப அதிபர். இப்போது கல்வி முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சம்பூரில் பத்துத் தாய்மாரைப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவைத் தட்டச்சுக் கடை பரீனாவிடம் கொடுத்து எழுத்தாக்கி, வரிக்கு வரி நிறம் தீட்டி, கருத்துக்கு ஒரு தலைப்புப் போட்டிருந்தார்.

"ஒண்டையும் விட மனம் வரேல்ல சேர். 'நேரத்துக்கு எழும்பாத பிள்ளைக்குக் கணக்கு வராது' எண்டு ஒரு தாய் சொல்லியிருக்கிறா. என்ன அறிவு!"

"குறையுங்கோ. வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் அடுத்த வருசம்தான்."

பட்டம் இருந்தால்தான் அதிபர் பதவி; அடுத்த வருடம் என்றால் அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பார். ஆனந்தராசா அன்புவழிபுரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குறைத்தார். ஒத்த கருத்துகளைச் சேர்க்கச் சேர்க்க எல்லாமே ஒன்றாகிவிட்டன. வியாழன் காலை மிஞ்சியது ஒரே தலைப்பு: 'தாய்மாரின் ஞானம்.'

"ஒண்டு காணாது சேர்," என்றாள் கூடப் படிக்கும் கிண்ணியா ஆசிரியை சுஹைரா. "தாங்க, நானும் ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறன்."

மத்தியானத்துக்குள் நாலாகப் பிரித்துக் கொடுத்தாள்: கண்டிப்பு, நேரம், கையெழுத்து, கணிதத்தின் அருமை. மூன்று கிழமையாக அவருக்குப் பிடிபடாதது அவளுக்கு அரை நாளில் பிடிபட்டிருந்தது.

"பத்துப் பேரும் ஒரே மாதிரி, அழகாக் கதைச்சிருக்காங்க," என்றாள். "ஆனா எந்த வரி எந்தத் தாய் சொன்னதெண்டு இல்லையே? பேர் போடாட்டி விரிவுரையாளர் ஏற்கமாட்டார்."

தாள்களைப் புரட்டினார். உண்மைதான், ஓரிடத்திலும் பெயரில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு உட்துறைமுக வீதிக்குப் பறந்து, கடையைப் பூட்டப்போன பரீனாவை மறித்தார்.

"தங்கச்சி, ஆர் ஆர் எதைச் சொன்னதெண்டு பேர் போட்டுத் தாங்கோ. நாளைக்குக் குடுக்கவேணும். அந்தத் தாய்மாரைப் போலக் கல்வி விளங்கின ஆக்களை நான் கண்டதில்லை. என்ர மனசில இருக்கிறதையே சொல்லியிருக்கினம்!"

பரீனா சாவியைப் பூட்டிலிருந்து இழுத்தெடுத்தாள்.

"தாய்மார் சொன்னது முழுக்க 'ஓம் சேர்' மட்டும்தான், எத்தனை தரம் டைப் அடிக்கிறதெண்டு அதை நான் விட்டுட்டன். மிச்சமெல்லாம் நீங்க கதைச்சது, சேர்."